பரணில் கிடக்கும் தாள்கள் யாருடையவை?

(காஞ்சிபுரத்தில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தீவிர அரசியல் வெளியீடுகளும் ஆவணக் காப்பகங்களும்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதும் ஏதோ டெல்லி, லண்டன் விவகாரம் என்று தோன்றும். ஆனால் இது காஞ்சிபுரத்தின் சொந்த விவகாரம். ஆகையால் இந்த ஊரின் புத்தகம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1942இல் அண்ணா இந்த ஊரிலிருந்து 'திராவிட நாடு' வார ஏட்டைத் தொடங்கினார். அதில் 1943இல் எழுதியவைதான் பிறகு 'ஆரிய மாயை' என்று நூலாயின. 1950இல், நாடு விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து, குடியரசு ஆன அதே ஆண்டில், அந்த நூலுக்காக அண்ணாவுக்குத் தண்டனை கிடைத்தது. 700 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாதச் சிறை. அவர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். 'பொன்மொழிகள்' நூலுக்காக அதே காலத்தில் பெரியாரும் தண்டிக்கப்பட்டார். 1967இல் அண்ணா முதலமைச்சர் ஆனார். 1995இல் அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசே நாட்டுடைமை ஆக்கியது.

ஒரே புத்தகம்தான். அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 1950இல் சமூக அமைதிக்குக் கேடு என்று வழக்குப் போட்டதும் அரசுதான், 45 ஆண்டுகள் கழித்துப் பொதுச்சொத்து என்று அறிவித்ததும் அரசுதான். 'தீவிரம்', 'ஆபத்து', 'ஆட்சேபகரம்' என்று ஓர் எழுத்தின் மேல் ஒட்டப்படும் சீட்டு அந்த எழுத்தைப் பற்றிச் சொல்வது குறைவு, ஒட்டுகிறவரைப் பற்றியும் அந்தக் காலத்தைப் பற்றியும் சொல்வதுதான் அதிகம். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது. 1948இல் தடை, 1971இல் தடை நீக்கம். இந்த வரிசையில் இன்னும் எத்தனையோ உண்டு.

இனி இன்றைய கேள்விக்கு வருவோம். தடை வரும், தடை போகும். ஆனால் தடை நீங்கும் நாள் வரை அந்தத் தாளை யார் காப்பாற்றி வைத்திருப்பது?

பதில் கொஞ்சம் விசித்திரமானது. காப்பாற்றியவர்களில் முதல் ஆள், தடை போட்டவரேதான்.

பிரிட்டிஷ் ஆட்சி 1867இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் அரசுக்குப் போக வேண்டும் என்றது. 1910இல் பத்திரிகைச் சட்டம் வந்தது, 1931இல் அவசர அதிகாரச் சட்டம் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99ஏ பிரிவில் பறிமுதல் அதிகாரம் வந்தது. பறிமுதல் செய்தவற்றை எரித்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் எரித்துவிடவில்லை. எதைத் தடை செய்தோம் என்று தங்களுக்கே தெரிய வேண்டும் அல்லவா? அதனால் ஒன்றிரண்டு பிரதிகளைக் கோப்பில் கட்டி வைத்தார்கள். சில லண்டனுக்கும் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்திலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் 'தடை செய்யப்பட்ட வெளியீடுகள்' என்று தனித் தொகுப்பே இருக்கிறது. ஊரில் யார் வீட்டிலும் மிஞ்சாத துண்டறிக்கை போலீஸ் கோப்பில் மிஞ்சியிருக்கிறது.

அதற்காக அந்த ஆட்சிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் வைத்திருப்பது போலீஸ் பார்வையில் தேர்ந்தெடுத்ததாக இருக்கும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 'பறையன்' இதழ்.

இரட்டைமலை சீனிவாசன் கோழியாளத்தில் பிறந்தவர். மதுராந்தகம் வட்டம், இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, 1900 வரை நடத்தினார். எவ்வளவு துணிச்சல் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இதழின் முழு வரிசை இன்று நம்மிடம் இல்லை. ஆனால் அதில் வந்த சில செய்திகள் தெரியும். எப்படித் தெரியும்? சென்னை மாகாண அரசு, இந்திய மொழிப் பத்திரிகைகளில் என்ன எழுதுகிறார்கள் என்று கவனிக்க மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தது. அவர்கள் தமிழ், தெலுங்கு ஏடுகளைப் படித்து, அதிகாரிகளுக்கு வேண்டியதை மட்டும் ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கை எழுதினார்கள். வெளியே போகாத ரகசிய அறிக்கை அது. அந்த அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஆக, ஒரு தலித் ஆசிரியர் தமிழில் எழுதியதை, அரசு ஊழியர் ஒருவர் ஆங்கிலத்தில் நாலு வரியாகச் சுருக்கியதை, நாம் மறுபடியும் தமிழாக்கிப் படிக்கிறோம். சீனிவாசனின் சொல் போய்விட்டது. அவர் கோபமாகச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்பது போய்விட்டது. கவர்னருக்குத் தேவைப்படாத செய்தி, அதாவது எந்தச் சேரியில் பள்ளிக்கூடம் திறந்தார்கள், யார் சந்தா கட்டினார்கள் என்பவை, அந்த அறிக்கைக்குள் வருவதற்கு வழியே இல்லை.

காப்பாற்றிய இரண்டாவது ஆள் வாசகர்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார ஏட்டைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள், தமிழ்நாட்டு வரலாறு எழுதியவர்கள் பலருக்கு அவர் பெயர் நினைவுக்கு வரவில்லை. பல்கலைக்கழகங்கள் தேடவில்லை. ஆனால் கோலார் தங்கவயல் தொழிலாளர் குடும்பங்களிலும் வட ஆர்க்காட்டுப் பௌத்தக் குடும்பங்களிலும் பழைய 'தமிழன்' கட்டுகள் இருந்தன. அன்பு பொன்னோவியம், தி.பெ. கமலநாதன் போன்றவர்கள் அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் தமிழ் அறிவுலகம் விழித்துக்கொண்டது.

சுரங்கத்தில் வேலை செய்தவர் வீட்டுத் தகரப் பெட்டி செய்த வேலையைப் பெரிய நிறுவனங்கள் செய்யவில்லை. பின்னர் ஜெ. பாலசுப்பிரமணியம், 1869ஆம் ஆண்டின் 'சூரியோதயம்' தொடங்கி 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இத்தனை இதழ்கள் வந்தனவா என்று படித்தவர்கள் திகைத்தார்கள். வந்தன, தோழர்களே. எழுதாத சமூகம் என்று நம்மைச் சொன்னார்கள். எழுதினோம். எழுதிய தாள்தான் மிஞ்சவில்லை.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது இன்னொன்றும் உறைக்கிறது. காஞ்சிபுரத்துக் கோயில் சுவர்களில் எத்தனை கல்வெட்டுகள்! யார் யாருக்கு நிலம் கொடுத்தார், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார் என்பதெல்லாம் பல நூறு ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது. தொல்லியல் துறை படியெடுத்து நூலாகவும் அச்சிட்டிருக்கிறது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களின் குரல் முதன்முதலில் பதிவானது கல்லில் இல்லை. ஒரு பைசா, காலணா விலையுள்ள மலிவுத் தாளில். அந்தத் தாளில் அமிலம் இருக்கிறது. ஐம்பது ஆண்டில் பழுப்பேறும், எண்பது ஆண்டில் தொட்டால் நொறுங்கும். போதாக்குறைக்குப் பூச்சி வேறு. நம்முடைய பகுத்தறிவு ஏடுகளைத் துளைத்துத் தின்கிற பூச்சிக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? இராமபாணம்!

சரி, அரசு ஒளித்தது, பூச்சி தின்றது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. நம் பக்கத்துக் கதவுகளையும் பார்க்க வேண்டும்.

'குடிஅரசு' 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் இந்தக் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாகாண மாநாடு. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் இல்லை என்றானதும் பெரியார் வெளியேறினார். அந்த முறிவுக்குப் பிந்தைய தமிழ்நாட்டை அறிய வேண்டுமானால் 'குடிஅரசு' வேண்டும். 1933 அக்டோபரில் "இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?" என்று தலையங்கம் எழுதியதற்காகப் பெரியாரும், வெளியிட்டவர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் அரச நிந்தனை வழக்கில் சிறைக்குப் போனார்கள். ஏட்டுக்கு நெருக்கடி வந்தபோது 'புரட்சி', பிறகு 'பகுத்தறிவு' என்று பெயர் மாற்றி நடத்தினார்கள். அதனால் காப்பகத்தில் 'குடிஅரசு' என்று மட்டும் தேடுகிறவருக்கு 1934ஆம் ஆண்டு வெற்றிடமாகத் தெரியும். பெயர் மாறியது தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

இவ்வளவு அடக்குமுறையைத் தாண்டி வந்த ஏட்டின் 1925 முதல் 1938 வரையிலான எழுத்துகளைப் பெரியார் திராவிடர் கழகம் 27 தொகுதிகளாக வெளியிட முயன்றது. அப்போது, உரிமை தங்களுடையது என்று பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் தடை கேட்டது. 2009இல் நீதிபதி கே. சந்துரு தடை தர மறுத்தார். 2010இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. தொகுதிகள் வெளிவந்தன.

யார் பக்கம் என்று பழைய வழக்கை இங்கே கிளற நான் வரவில்லை. எல்லா இயக்கங்களும் யோசிக்க வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. ஓர் ஏட்டை மக்கள் கண்ணிலிருந்து மறைக்கத் தடை உத்தரவு ஒன்றுதான் வழி என்பதில்லை. காப்புரிமை மறைக்கும். "தலைமையிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்ற பதில் மறைக்கும். "ஆய்வாளர்களுக்கு மட்டும்" என்ற பலகை மறைக்கும். கல்லூரிக் கடிதம் இல்லாத நெசவாளி மகளுக்குத் திறக்காத காப்பகம், அவளைப் பொறுத்தவரை எரிந்துபோன காப்பகம்தான்.

இன்னொரு இழப்பு நம் கண்ணுக்கே தெரியாமல் நடக்கிறது. தலைவர்களின் எழுத்தைத் தொகுப்பாகப் போடுகிறோம், அதோடு அந்த ஏடு காப்பாற்றப்பட்டதாக நினைத்துவிடுகிறோம். பழைய வார ஏடு ஒன்றை முழுதாகப் புரட்டிப் பாருங்கள். தலையங்கம் ஒரு பக்கம். மீதிப் பக்கங்களில் சுயமரியாதைத் திருமணச் செய்தி, எந்த ஊரில் யார் தலைமையில் கூட்டம், நாலணா நன்கொடை கொடுத்தவர் பட்டியல், வாசகர் கடிதம், மருந்து விளம்பரம். தொகுப்பில் தலையங்கம் மட்டும் வரும். மாலையே போதும், தாலி வேண்டாம் என்று 1930களில் முடிவெடுத்த பெண்ணின் பெயர் வராது. தலைவர் மிஞ்சுவார், இயக்கம் மிஞ்சாது. உங்கள் பாட்டனோ பாட்டியோ அந்த நாலணாப் பட்டியலில் இருந்திருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், தாள் முழுதாக வேண்டும்.

இப்போது சிலருக்குக் கசப்பாக இருக்கப்போகிற ஒன்றைச் சொல்கிறேன். நம்முடையதை மட்டும் காத்தால் போதாது. நமக்கு எதிராக எழுதியதையும் காக்க வேண்டும்.

"சாதிவெறியன் அச்சடித்த குப்பையை நான் ஏன் பாதுகாக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். கோபம் நியாயமானதுதான். ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். ஆல்ஃபிரட் வீனர் என்று ஒரு ஜெர்மானிய யூதர். தன் இனத்தையே அழிக்கச் சொன்ன நாஜிகளின் துண்டறிக்கை, பத்திரிகை, புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்தார். 1933இல் ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பினார், அங்கேயும் சேர்த்தார். 1939இல் அந்தத் தொகுப்பு லண்டனுக்குப் போனது. போர் முடிந்து நியூரம்பர்க் விசாரணை வந்தபோது அந்தத் தாள்கள் சாட்சியத்துக்கு உதவின. வெறுப்பை வெறுப்பவர்தான் அதைச் சேர்த்து வைத்தார்.

நம் ஊருக்கு வாருங்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாய்க்கன்கொட்டாய் பகுதியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 'நாடகக் காதல்' என்ற சொல் அந்த ஆண்டுகளில் மேடை மேடையாக, துண்டறிக்கை துண்டறிக்கையாகப் பரவியது. அந்தச் சொல் எந்தத் தேதியில், எந்த ஊரில், யார் பெயரில் அச்சானது? வீடு எரிவதற்கு முன்பு எத்தனை நாள் அது புழக்கத்தில் இருந்தது? அன்றைய துண்டறிக்கையும் சுவரொட்டியும் யாரிடம் இருக்கின்றன? இன்று அது வாட்ஸ்அப்பில் வருகிறது, மறுநாள் அழிக்கப்படுகிறது. "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்று இருபது ஆண்டு கழித்துச் சொல்வார்கள். அப்போது காட்டுவதற்கு நம் கையில் ஒன்றும் இருக்காது.

காப்பது வேறு, பரப்புவது வேறு. அதை எடுத்து உங்கள் பக்கத்தில் மறுபடி போடாதீர்கள். தேதி, இடம், எப்படிக் கிடைத்தது என்று குறித்து, திரைப்பிடியோடும் மூலக் கோப்போடும் தனியாக வையுங்கள். அதில் குறிவைக்கப்பட்டவரின் பெயரும் முகமும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பயம். "இதையெல்லாம் வீட்டில் வைத்திருந்தால் வம்பு வராதா?" என்று கேட்கிறார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019இல் கோழிக்கோட்டில் இரண்டு மாணவர்கள் கைதானார்கள். மாவோயிஸ்ட் வெளியீடுகள் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டின் ஒரு பகுதி. அவர்களுடைய பிணை வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய வெளியீடுகளைக் கையில் வைத்திருப்பது மட்டுமே அந்த அமைப்பின் செயலுக்குத் துணைபோகும் எண்ணத்தைக் காட்டிவிடாது என்ற கருத்தைச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வருவதற்குள் அந்த இளைஞர்கள் மாதக்கணக்கில் சிறையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து 99ஏ பிரிவு, பிறகு 95ஆம் பிரிவாகி, இப்போது புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 98ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது.

எதிர்த்து நின்றால் வெல்லவும் முடியும். பெரியாரின் இராமாயண நூல் 'சச்சி இராமாயண்' என்று இந்தியில் வந்தபோது, உத்தரப் பிரதேச அரசு 1969இல் அதைப் பறிமுதல் செய்தது. வெளியிட்ட லலாய் சிங் யாதவ் வழக்குத் தொடுத்தார். 1971இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் பறிமுதலை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு போனது. 1976இல் உச்ச நீதிமன்றமும் லலாய் சிங் பக்கமே நின்றது. ஈரோட்டுக்காரர் எழுத்துக்காக வட இந்தியாவில் ஒருவர் ஏழு ஆண்டு நீதிமன்றப் படியேறினார். நாம் நம் வீட்டுப் பரண் ஏறத் தயங்கலாமா?

அந்தப் பரணுக்குத்தான் வருகிறேன். பிள்ளையார்பாளையத்திலும் மற்ற நெசவாளர் தெருக்களிலும் பழைய ஓட்டு வீடுகளை இடித்து மாடி கட்டுகிறார்கள். பரணில் இருந்த கட்டு பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போகிறது. 'திராவிட நாடு' இதழோ, கைத்தறிச் சங்கப் போராட்ட நோட்டீஸோ, சேரியில் நடந்த இரவுப் பள்ளியின் அறிக்கையோ அந்தக் கட்டில் இருக்கலாம். அடுத்த பத்து ஆண்டு இப்படியே போனால் தேட வீடும் இருக்காது, சொல்ல ஆளும் இருக்க மாட்டார்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. எழுபது வயது தாண்டிய தோழர்களின் வீட்டுக்குப் போங்கள். இயக்கப் பழக்கம் இருந்த குடும்பங்களைப் போலவே, இல்லாத குடும்பங்களையும் கேளுங்கள். கிடைத்ததைப் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுங்கள். அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை ஒரு பக்கமும் விடாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், இரண்டும் தாளைக் கொன்றுவிடும். யார் வீட்டில் கிடைத்தது, அவர்களுக்கு எப்படி வந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். மூலத்தை அவர்களே வைத்துக்கொள்ள விரும்பினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பறிப்பது நம் வேலை இல்லை.

படங்களை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஓர் இரவில் எரிந்தபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதோடு முடிந்தன. அதனால் மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று உங்களிடம். ஒன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனத்திடம். அந்த நூலகமே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் விடாமல் சேர்த்த தொகுப்பிலிருந்து உருவானதுதான். இன்னொன்று, யாரும் கடிதம் இல்லாமல், கட்டணம் இல்லாமல் திறந்து படிக்கும்படி இணையத்தில்.

கூடவே ஒரு கோரிக்கையை அரசிடமும் இயக்கங்களிடமும் சேர்ந்து வைப்போம். நாட்டுடைமை ஆக்குவது என்றால் தலைவரின் நூல்களோடு நிறுத்தாமல், ஏடுகளை வந்தபடியே, பக்கம் பக்கமாக, முழுதாக மின்வடிவில் வெளியிட வேண்டும். ஆவணக் காப்பகத்துக்குள் போக ஆதார் அட்டையும் ஆர்வமும் போதும் என்ற நிலை வேண்டும்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுப்பவர்களோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பாளையத்தில் முதல் நான்கு தெருக்களைத் தொடங்கலாம் என்று தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள். பரண் ஏற வேண்டியிருக்கும், பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.